நோய்தேடி

ஹில்லகோம்,
ஹாலந்து
27 ஜனவரி 1957

அன்பு நேலிஸ்,

கப்பலின் ஆட்டம் இதற்குள் உன் காலை விட்டு இறங்கியிருக்கும், வயிறும் ரொட்டியை மறுக்காமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவின் இருமல் மட்டும் காலையில் அவருடைய சுருட்டோடு வயலுக்குப் போய், சாயங்காலம் அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

வேலியோரம் பனிமணிப் பூச்செடிகள் முளை காட்டிவிட்டன. மண் இன்னும் இரும்பாக இருக்கிறது. அவ்வளவு மெல்லிய முளை அதை எப்படித் துளைக்கிறதோ. நீ சொன்னபடி உன் விதைப்பாத்தியை நாணல் போட்டு மூடியிருக்கிறேன்.

பாவோவைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை இரும்புச் சட்டியின் மூடி என் கை தவறிச் சமையலறைக் கல்தரையில் விழுந்தது. பூனை மேசைக்குத் தாவியது. உன் தங்கை ப்ளோனி "யேசுவே!" என்று கத்தி, உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைக் கீழே போட்டாள். எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பாவோ மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"என்ன டீச்சரம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் ப்ளோனி.

"அவன் திரும்பிப் பாக்கல."

"அவன் எங்க வீட்டுப் புள்ள. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் எங்கண்ணன் திரும்ப மாட்டான், அவன் புள்ள மட்டும் திரும்பிடுவானா? நீ வருஷம் பூரா குடையும் கையுமா நோய் தேடிக்கிட்டே திரியற."

போன வசந்தத்தில் அவள்தானே என் கையில் கறுப்புக் குடையைக் கொடுத்து டூலிப் வரிசைக்குள் இறக்கிவிட்டாள்! மழை இல்லாத நாளில் குடை எதற்கு என்று நான் கேட்டதற்கு வயலே சிரித்தது. நேர் வெயிலில் எல்லாச் செடியும் நல்ல செடிதான், நிழல் விழுந்தால்தான் இலையின் வெளிறலும் இதழின் கீற்றும் கண்ணுக்கு அகப்படும் என்று உட்ரெக்ட்டில் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும்? கோடு விழுந்த டூலிப் எத்தனை அழகாக இருந்தாலும் அது நோய். கிழங்கோடு எடுத்து வாளியில் போட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துச் செடிக்குப் பரவும். அந்த வேலை செய்கிறவர்களுக்கு உங்கள் ஊர் வைத்திருக்கும் பெயரையே எனக்கும் வைத்துவிட்டாள்: நோய்தேடி.

மாமா வந்ததும் ப்ளோனி சொல்லிச் சிரித்தாள். அவர் கூடத்து மரத்தரையில் தன் மரச்செருப்பால் ஒரு தட்டு தட்டினார். பாவோ சட்டென்று திரும்பினான். "பாத்தியா? நல்லாத்தான் கேக்குது" என்று அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். எல்லோருக்கும் நிம்மதி. அவர்கள் போன பிறகு அவனைச் சமையலறைக் கல்தரையில் உட்கார்த்தி, பின்னால் நின்று அதே மாதிரி தட்டினேன். திரும்பவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவன் தூங்கிய பிறகுதான் இந்த மேசை எனக்குக் கிடைக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

கழுத்தைச் சுற்றிக் கம்பளி போட்டுக்கொள்.

உன்
ஒடிலியா


கிளீவ்லாந்து,
அமெரிக்கா
9 பிப்ரவரி 1957

அன்பு ஒடிலியா,

உன் கடிதம் இரண்டு விடுதி தாண்டி என்னைப் பிடித்தது. வயிறு தேறிவிட்டது, மூக்குதான் ஒழுகுகிறது. நீங்கள் எல்லோரும் நலம் என்று படித்ததும் பாதி ஜலதோஷம் போய்விட்டது.

இங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. அந்தப் பனியில் பூக்கிழங்கு மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்றுப்பண்ணை நாற்றுப்பண்ணையாகப் போய், படப் புத்தகத்தைத் திறந்து வசந்தத்தைக் காட்டுகிறேன். நேற்று ஒரு பண்ணைக்காரர், "உங்க ஊர்ல இது நெஜமாவே இவ்வளவு சிவப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று சத்தியம் செய்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு எங்கள் வயல் பூத்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பாவோ விஷயம். டோருஸ் சித்தப்பா நாலு வயது வரை வாயே திறக்கவில்லை என்று பாட்டி சொல்வாள். இப்போது கிழங்கு ஏலத்தில் அவர் வாயை மூட ஊரே சேர்ந்தாலும் முடிவதில்லை. மரத்தரையில் தட்டினதும் திரும்பினானே, அது போதாதா? ப்ளோனி சொன்னதுதான் சரி. குடையை மடக்கி மூலையில் வை, என் நோய்தேடியே.

உனக்கு உண்மையான வேலை ஒன்று தருகிறேன். நம் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நான் போட்ட குரோக்கஸ் விதைகள் இந்த வசந்தத்தில்தான் முதல்முதலாகப் பூக்கப் போகின்றன. இத்தனை வருஷம் ஜூனில் திரும்பி வந்து, வாடும் புல் மாதிரி இலையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். பூக்கிற நேரத்தில் நான் இங்கே இருக்கிறேன். நீதான் என் கண். நிறம், தொண்டை, மகரந்தத் தண்டு எல்லாவற்றையும் எழுது. நோய் மாதிரி ஏதாவது பட்டால் அப்பாவின் சட்டம் உனக்குத் தெரியுமே: சந்தேகமா இருந்தா பிடுங்கிடு.

பாவோவின் தொப்பையில் என் பேரைச் சொல்லி ஒரு முத்தம்.

நேலிஸ்


ஹில்லகோம்,
28 பிப்ரவரி 1957

அன்பு நேலிஸ்,

மூக்கு ஒழுகுவது நின்றதா? வெந்நீரில் தைலம் விட்டு ஆவி பிடி, விடுதிக்காரி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம். பாவோவுக்கு ஒரு கடைவாய்ப் பல் முளைத்திருக்கிறது.

பனிமணிகள் எல்லாம் பூத்துவிட்டன. காற்றடித்தால் அத்தனை மணியும் ஆடுகிறது. உன் பாத்தியின் நாணலை எடுத்துவிட்டேன். இரண்டு பூ வந்திருக்கிறது. ஒன்று முழு ஊதா, மாமாவின் வயலில் இருப்பது போலவே. இன்னொன்று வெள்ளையில் கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி. இரண்டுக்கும் தொண்டை மஞ்சள், தண்டு ஆரஞ்சு.

திங்கட்கிழமை லைடனுக்குப் போனோம், பாவோவுக்குக் காலணி வாங்க. மழை. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அவன் அளவுக்குக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் ஆண்கள் பக்கம் பாதிக்குமேல் காலி. இந்தப் பக்கம் உன்னைப் போன்ற பயணக்காரர்களின் மனைவிகள், மடியில் ஒன்று கையில் ஒன்றாக. ஜூன் மாதக் கப்பல் வரும்வரை நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரிக்கிறோம், ஒரே மாதிரி "போன வாரம் கடிதம் வந்துச்சு" என்கிறோம். யாரும் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்வதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒடிலியா


ஹாலந்து (பயப்படாதே, மிச்சிகன்),
11 மார்ச் 1957

அன்பு ஒடிலியா,

உன் தைல வைத்தியத்தில் மூக்கு அடங்கியது. எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

ஹாலந்து என்றே ஒரு ஊர் இருக்கிறது இங்கே. வசந்தத்தில் தெருவைத் தேய்த்துக் கழுவி மரச்செருப்பு போட்டு ஆடுவார்களாம். என் பேச்சைக் கேட்ட ஒரு கிழவி, "உங்க டச்சு கொஞ்சம் கொச்சையா இருக்கே தம்பி, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்! ஹில்லகோம் என்றேன். "அப்படியா, அங்கெல்லாம் டச்சு பேசறாங்களா?" என்றாள். விடுதி அறைக்கு வந்து தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சொல்ல ஆள் இல்லை.

இரண்டு பூவும் படித்தேன். சாம்பல் வெள்ளையை விட்டுவிடு. வடக்கு மூலையில் ஒன்று இருக்குமே? இலையில் வெள்ளைக் கோடு மற்றதைவிட அகலமாக இருக்கும். அதன்மேல்தான் எனக்கு ஆசை. போன வருஷமே அது கொழுத்திருந்தது, இந்த வருஷம் பூக்காமல் இருக்காது. நல்லதாக வந்தால் பூக்கிழங்குச் சங்கத்தில் புதுப் பூவாகப் பதிவு செய்யலாம். பெயர்கூட யோசித்து வைத்துவிட்டேன். சிரிக்காதே. பாவோ.

அவனுக்குப் பல் வந்ததா? பேச்சும் பின்னாலேயே வரும் பார். அது சரி, காலணி வாங்க இரண்டு மணி நேரம் காக்க வைக்கிற கடை லைடனில் எது?

நேலிஸ்


ஹில்லகோம்,
24 மார்ச் 1957

அன்பு நேலிஸ்,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு வாரமாக மேல்காற்று. ப்ளோனிக்கு நிச்சயமாகிவிட்டது, ஊரே ஓட்டக்காரன் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறதே, அவர் வீட்டு இளையவன்தான். "அவன் எந்த ஊருக்கும் பூ விக்கப் போக மாட்டான், அதனாலதான் சரின்னேன்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமாவுக்கு இருமல் பரவாயில்லை. பட்டாணி சூப் அடிப்பிடித்துவிட்டது.

வடக்கு மூலை பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஒடிலியா


மில்வாக்கி,
6 ஏப்ரல் 1957

ஒடிலியா,

உடம்பு நன்றாக இருக்கிறதா? உன்னைப் பற்றி, உன்னைப் பற்றித்தான் கேட்கிறேன்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் பிள்ளையும் இல்லை, பூவும் இல்லை. அடிப்பிடித்த சூப் இருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்? காலணியைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் இல்லை.

ப்ளோனி எழுதியிருக்கிறாள். விடிந்ததும் நீ குடையோடு வயலில் இறங்கிவிடுகிறாயாம். பிள்ளையைக் கிழங்குப் பெட்டிக்குள் உட்கார்த்தி வரப்போரம் வைத்துவிட்டு வரிசை வரிசையாக நடக்கிறாயாம். யாருடைய வாளியும் உன்னுடையதைப் போல நிறைவதில்லையாம். "நல்ல செடியையும் சேத்துப் பிடுங்கறாளோன்னு அப்பாவுக்குக் கவலை" என்று எழுதியிருக்கிறாள்.

எதுவானாலும் எழுது. வெறும் தாளை அனுப்பினாலும் பரவாயில்லை, நலம் என்று மட்டும் எழுதாதே.

நேலிஸ்


ஹில்லகோம்,
19 ஏப்ரல் 1957, பெரிய வெள்ளி

அன்பு நேலிஸ்,

உன் உடம்பு எப்படி என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

லைடனில் காலணிக் கடைக்குப் போகவில்லை. காது மருத்துவரிடம் போனேன். பாவோவை என் மடியில் வைத்து, பின்னால் நின்று ஒரு சின்ன மணியை ஆட்டினார். பிறகு பெரிய மணி. பிறகு முரசு. கடைசியில் ஒரு தகர டப்பாவைக் கரண்டியால் அடித்தார். வெளியே காத்திருந்த யாருடைய குழந்தையோ பயந்து அழுதது. பாவோ என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மரத்தரையில தட்டினா திரும்புறானே டாக்டர்" என்றேன்.

"அது காது இல்லைம்மா, உடம்பு. பலகை அதிருது, அவனுக்குத் தெரியுது" என்றார். பிறகு, "இங்க வர்ற அம்மாக்களை நம்ப வைக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கும். நீங்க எதிர்த்து ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார்.

அவனுக்குக் கேட்காது, நேலிஸ். கொஞ்சமும் கேட்காது. பிறவியிலிருந்தே.

மறுநாள் காலை உன் பாத்திக்குப் போனேன். தூறல் விட்டு வெயில் வந்தது. குரோக்கஸ் வெயிலைப் பார்த்தால்தானே வாய் திறக்கும். வடக்கு மூலையில் அது திறந்திருந்தது. வெள்ளை. தூங்குகிற குழந்தையின் இமையில் நரம்பு தெரியுமே, அந்த மாதிரி இதழ் முழுக்க மெல்லிய ஊதாக் கோடுகள். என் கையில் குடை இருந்தது. குனிந்ததும் நிழல் விழுந்தது, கோடுகள் இன்னும் துலக்கமாகத் தெரிந்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கோடு விழுந்தால் நோய். நீ எழுதியதும் ஞாபகம் வந்தது. பிடுங்கி வாளியில் போட்டு, மேலே சுண்ணாம்பைக் கொட்டிவிட்டேன். அன்றைக்கு என்னால் இன்னொரு சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நோய்ச்செடி ஒன்றுதானே என்று உனக்கு எழுதவில்லை. லைடனைப் பற்றி எழுதாமல் விட்டது மட்டும் தெரிந்தே விட்டது. நீ குடையை மடக்கச் சொல்லியிருந்தாய்.

மார்ச்சில் ப்ளோனியோடு ஓட்டக்காரன் வயல் வழியாக வந்துகொண்டிருந்தேன். நம் வயலில் ஊதாவும் மஞ்சளும்தானே, அவர்கள் வயல் பக்கம் நான் பூக்காலத்தில் போனதில்லை. ஒரு பாத்தி முழுக்க வெள்ளையில் ஊதாக் கோடு. நான் நின்றுவிட்டேன். "ப்ளோனி, வயல் பூரா நோய் புடிச்சிருக்கு, யாருமே பாக்கலையா?" என்று கத்தினேன். ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒருவன் தொப்பியை எடுத்துக் கும்பிட்டு, "ஐயோ, இருவது வருஷமா நோயைத்தான் வித்துக்கிட்டு இருக்கோம், போலீஸ்ல சொல்லிடாதீங்க டீச்சரம்மா!" என்றான். ப்ளோனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது குரோக்கஸ்டி. டூலிப்புக்குக் கோடு வந்தாத்தான் நோய். இதுக்குக் கோடு பிறவி. இது அப்படித்தான் இருக்கும்."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேசைமேல் உன் கடிதம் கிடந்தது. வடக்கு மூலையில் என்ன பூத்தது, பெயர் பாவோ என்று. அதற்கப்புறம் எனக்கு எழுதக் கை வரவில்லை.

இன்னும் ஒன்று. மருத்துவர் சொன்னதை மாமாவிடம் சொல்லிவிட்டேன், அவர் பாதிரியாரிடம் சொல்ல, போன ஞாயிறு பாதிரியார் வீட்டுக்கு வந்தார். தெற்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் காது கேளாதோர் பள்ளி ஒன்று இருக்கிறதாம். அங்கேயே தங்க வேண்டும். "இப்பவே பேர் குடுத்து வச்சாத்தான் நாலு வயசுல இடம் கிடைக்கும். அப்பாவோட கையெழுத்து வேணும்" என்று ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், "அங்க பேசவே கத்துக் குடுக்கறாங்களாம் மகளே. கிறிஸ்துமஸுக்கும் கோடைக்கும் வந்துடுவான்" என்று. அப்படியென்றால் வசந்தத்தில் நீயும் இருக்க மாட்டாய், அவனும் இருக்க மாட்டான். அந்தத் தாளை உனக்குத் தபாலில் அனுப்பச் சொல்கிறார்கள். நான் அனுப்பவில்லை. அவனை நேரில் பார்க்காமல் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

அவனை நீ கடைசியாகப் பார்த்தது ஒரு நல்ல பிள்ளையாக. அவன் இப்போதும் அதே பிள்ளைதான். இதை எப்படி எழுதிப் புரிய வைப்பது என்று தெரியவில்லை.

ஒடிலியா


ஹில்லகோம்,
12 மே 1957

அன்பு நேலிஸ்,

சுகமாக இருக்கிறாயா? இதற்குமேல் எப்படிக் கேட்பது?

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் இப்போது வாசலுக்கு வருமுன்பே தலையை ஆட்டிவிடுகிறார். கடிதம் உன்னைத் தேடி ஊர் ஊராக அலைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மாமா பாதிரியார் தந்த தாளைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் மணி பார்க்கும்போதெல்லாம் தெரிகிறது.

டூலிப்பின் தலைகளைக் கொய்துகொண்டிருக்கிறார்கள். கால்வாய் ஓரமெல்லாம் சிவப்புக் குவியல். போன வருஷம் இதைப் பார்த்து அழுதேன், இப்போது கிழங்கு பெருக்க வேண்டுமே என்று நானே வேகமாகக் கொய்கிறேன். பாவோவுக்கு இரண்டு வயதாகிவிட்டது. உலர்திராட்சை ரொட்டியில் மெழுகுவர்த்தி வைத்தோம்.

அவனைப் பற்றி ஒரு வேடிக்கை எழுதுகிறேன். பூ வண்டி வரப்போகிறது என்பது எங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. விளையாட்டை விட்டுவிட்டுப் பாதையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை மண்ணில் வைத்துக்கொள்கிறான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் குதிரை வளைவில் தெரிகிறது. வண்டியோடுதான் காப்பியும் வரும், கொய்கிற பெண்கள் இப்போது அவனைப் பார்த்துத்தான் காப்பிக்குக் கையைக் கழுவுகிறார்கள்.

பூ என்பதற்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு சாடை வைத்திருக்கிறோம். மூடின கையை மெல்ல விரிப்பது. சொல்லித் தந்தது நான்தான் என்றாலும் அவன் விரிப்பதுதான் அழகாக இருக்கிறது.

கோபமாக இருந்தால் கோபம் என்று எழுது.

ஒடிலியா


பஃபலோ,
14 மே 1957

அன்பு ஒடிலியா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் பெரிய வெள்ளிக் கடிதம் மூன்று விடுதி மாறிப் போன வாரம்தான் கைக்கு வந்தது. அன்றிலிருந்து எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இது எப்படி இருந்தாலும் தபாலில் போட்டுவிடுவேன்.

கோபம் இருந்தது. காலணி என்று எழுதினாயே, அதற்குத்தான். பிறகு நான் கிளீவ்லாந்திலிருந்து உனக்கு என்ன எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். கோபப்பட இடமில்லாமல் போயிற்று. டோருஸ் சித்தப்பாவை வைத்து உன் வாயை அடைத்தது நான்தானே.

பூ விஷயம். கையால் பிடுங்கினாயா, இரும்பு வைத்துத் தோண்டினாயா? கையால் என்றால் இலையும் பூவும் அறுந்து வந்திருக்கும், கிழங்கு உள்ளேயே இருக்கும். குரோக்கஸ் ஆழத்தில் உட்காரும், லேசில் வராது. தோண்டிப் பார்க்காதே. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள், போதும். ஓட்டக்காரன் வயலில் இருக்கிற மாதிரியே இருந்தால் பதிவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இருக்கட்டும். பெயர்ப்பலகையை நான் செதுக்கி வைப்பேன்.

அப்பாவிடம் சொல். அந்தத் தாள் மேசைமேலோ அடுப்புக்குள்ளோ எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். என் பிள்ளையைப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். பார்த்த பிறகு போடுவேனா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. நீயும் நானும் உட்கார்ந்து பேசுவோம்.

இங்கே நாற்றுப்பண்ணையில் கிழங்கு கட்டுகிற கொட்டகையில் ஒருவர் இருக்கிறார். காது கேட்காது. வருஷா வருஷம் பார்க்கிறேன், தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். இந்தத் தடவை உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாவோவின் படத்தைக் காட்டி, என் காதைத் தொட்டு, கையை விரித்தேன். அவர் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, அவருடைய பையன் படத்தை எடுத்துக் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்து விரலை எல்லாம் விரித்துவிட்டு, கட்டைவிரலை என் நெற்றியில் வைத்தார். அப்பா என்று அர்த்தம். அதே கையைத் தாடையில் வைத்தால் அம்மா. எனக்கு வரும்வரை விடவில்லை. மேஸ்திரி வந்து கத்தினான், கத்துவது எங்கள் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை.

என் படத்தை அவனுக்குத் தினமும் காட்டி இதைச் செய்து காட்டு. நான் வந்து நிற்கும்போது அவன் என்னைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் நடுவில் கப்பல்.

நேலிஸ்


ஹில்லகோம்,
2 ஜூன் 1957

அன்பு நேலிஸ்,

கப்பல் ஏறுமுன் இது உனக்குக் கிடைத்துவிட வேண்டும். இந்தத் தடவை வெறும் வயிற்றில் ஏறாதே. இங்கே எல்லோரும் நிஜமாகவே சுகம்.

கையால்தான் பிடுங்கினேன். வடக்கு மூலையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், தோண்டவில்லை. ஆழத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. கிழங்கா கல்லா என்று தெரியாது. நீ வந்து பார். அடுத்த வசந்தத்தில் பூக்காது, அதற்கு அடுத்ததில்தான் என்கிறாள் ப்ளோனி. அப்போது பாவோவுக்கு நாலு வயது நெருங்கும். மேலே நான் கணக்குப் போடவில்லை.

நீ சொன்னதை மாமாவிடம் சொன்னேன். தாளை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் கூடத்தில் அவர் மரச்செருப்பால் பலகையைத் தட்டுவதும் பாவோ திரும்பிச் சிரிப்பதுமாக வெகுநேரம் கேட்டது. இப்போது அது சோதனை இல்லை, இரண்டு பேருக்கும் அது பேச்சு.

நீ எழுதிய சாடையை அன்றிலிருந்து செய்து காட்டுகிறேன். உன் படத்தைப் பார்க்கிறான், என் நெற்றியைப் பார்க்கிறான், போய்விடுகிறான். உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இது அப்பா எழுதியது, இது அப்பா, என்று அவற்றைத் தொட்டும் அதே சாடையைச் செய்து காட்டினேன். அங்கேதான் தவறு நடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பையிலிருந்து நீல உறையை எடுத்தார், உட்ரெக்ட்டிலிருந்து என் அம்மா எழுதியது. பாவோ ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, விரலை எல்லாம் விரித்துக் கட்டைவிரலை நெற்றியில் வைத்தான். முதல் தடவை. யாரும் சொல்லாமல்.

"அட, எனக்கு சல்யூட் அடிக்கிறாரு துரை!" என்று தபால்காரரும் தொப்பியில் கை வைத்துத் திருப்பி அடித்தார். இப்போது தினமும் நடக்கிறது.

ப்ளோனியிடம் அர்த்தத்தைச் சொன்னேன். "கடவுளே, தபால்காரனைப் பாத்து அப்பாங்கறானா? இதை ஊருக்குள்ள யார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிடாத!" என்று ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். உறையைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். தபால்காரரை அல்ல, அந்த உறையைத்தான் அப்பா என்று நினைத்திருக்கிறான். யோசித்துப் பார்த்தால் அவன் நினைப்பதில் என்ன தப்பு?

நீ வரும்போது வாசலில் நின்று அவனைக் கூப்பிடாதே. நேரே அவன் எதிரில் வந்து உட்கார். படத்தில் இருக்கிற ஆள் என்று தெரிந்துகொண்டால் கை நெற்றிக்குப் போகும். பிறகு உன் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தேடுவான், கடிதம் எங்கே என்று.

கோபித்துக்கொள்ளாதே. ஒரு வெறும் உறையாவது கொண்டு வா.

உன்
ஒடிலியா